பெயிண்ட் மட்டும்தான்

மணி ரெண்டு. ராத்திரி ரெண்டு இல்ல... மத்தியானம் ரெண்டு. நல்ல அக்னி நட்சத்திரம்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்லேர்ந்து உள்ள போனா ஒரு பழைய காலனி வரும். மூணாவது தெரு முட்டுச்சந்து. அந்த நேரத்துல அங்க ஒரு நாய் கூட நிக்காது, எல்லாம் கார் அடியில படுத்திருக்கும். தார் இளகி செருப்புல ஒட்டும். ரெண்டு பக்கமும் வீடுதான், ஆளுங்கதான். ஆனா எல்லாரும் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுக்கிட்டுத் தூங்கறாங்க. நடு ரோட்டுல நின்னு கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது.

பேய்னா ராத்திரிதான் வரணும்னு யார் சொன்னது? கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கரண்ட் வர்றதுக்குள்ள முடிச்சிடறேன். லைட் வந்துட்டா என்னால சொல்ல முடியாது.

எங்க ஆபீஸ்ல கேஷவ்னு ஒருத்தன். அவன் அக்கா மிருதுளாவுக்கு நடந்தது இது.

மிருதுளா இன்டீரியர் டிசைனர். பழைய தனி வீடா பார்த்து வாங்கி, உள்ள இடிச்சுப் புதுசாக்கி விக்கிறதுதான் தொழில். கூட்டாளி தட்சிணாமூர்த்தி. இந்த ஊர்க்காரர். அந்தக் காலனி இருக்கிற இடமே அவங்க அப்பா காலத்துல நெல்லு போட்ட வயல். இவ மூளை, அவர் முதல். சேலையூர், மாடம்பாக்கம், கேம்ப் ரோடுன்னு அஞ்சு வீடு வித்தாச்சு. மூணாவது தெருவுல வாங்கினது ஆறாவது வீடு.

அந்த வீட்டுக்காரர் பேரு யக்ஞநாராயணன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். எம்பது வயசு. ரெண்டு கண்ணும் தெரியாது... அறுபது வயசுலயே பார்வை போயிடுச்சு. பொண்டாட்டி காமு போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷம். அந்த ஒம்பது வருஷமும் மனுஷர் அந்த வீட்டுல தனியாத்தான் இருந்தார். குச்சி கிடையாது, கையைப் பிடிக்க ஆள் கிடையாது. எல்லாம் கணக்கு. கட்டில்லேர்ந்து கிச்சனுக்கு நேரா பதினோரு அடி. கிச்சன்லேர்ந்து கொல்லைக் கதவுக்கு ஆறு. அடுப்பு பத்த வெச்சு, பால் காய்ச்சி, தனக்குத் தானே காபி போட்டுக் குடிப்பார். ஒரு சொட்டு கீழ சிந்தாது.

பையன் ஷ்யாம்சுந்தர் கனடாவுல. அவன்தான் வீட்டை வித்துட்டு, அப்பாவை வண்டலூர் தாண்டி ஒரு முதியோர் ஹோம்ல சேர்க்கணும்னு நின்னான்.

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பேனாவைக் கையில குடுத்தாச்சு. பெரியவர் கையெழுத்துப் போடல. மிருதுளா நிக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எதையெல்லாம் இடிக்கப் போறேம்மா?"

ஷ்யாம்சுந்தர் இவளைப் பார்த்து, எதையாவது சொல்லு, எதையாவது சொல்லுன்னு கண்ணாலயே கெஞ்சறான். தட்சிணாமூர்த்தி வாட்சைப் பார்க்கறார்.

"எதையும் இடிக்கல சார்," அப்படின்னா மிருதுளா. "பெயிண்ட் மட்டும்தான்."

அவர் சிரிச்சார். கையெழுத்துப் போட்டார்.

நாலு மாசம். உள்ள ஒரு சுவர் கூட பழைய இடத்துல இல்ல. ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருந்த சுவரை எடுத்து ஒண்ணாக்கியாச்சு. பெட்ரூம்லேர்ந்து கிச்சனுக்கு நேரா போற வழியை அடைச்சு, அந்த இடத்துல பாத்ரூம் கட்டியாச்சு. கொல்லைக் கதவு இருந்த இடத்துல ஷெல்ஃப். வீடு பளபளன்னு ஹோட்டல் மாதிரி ஆயிடுச்சு.

முதல் பார்ட்டி சாயங்காலம் நாலு மணிக்கு வீடு பார்க்க வர்றதா இருந்தது. மிருதுளா ஒரு மணிக்கே வந்து, பூச்சாடி வெச்சு, குஷன் அடுக்கி, ஹால் சோபாவுல கொஞ்சம் சாஞ்சா. ரெண்டு மணி இருக்கும்.

சப்... சப்... சப்...

வெறுங்கால். டைல்ஸ் மேல. பெட்ரூம் பக்கம்.

பெயிண்டர் யாராவது இன்னும் போகாம இருக்கானோன்னு நினைச்சா. காலடி அவசரப்படல. நிதானமா, ஒரே அளவா வருது. அப்புறம்...

தொம்.

தேங்காயைத் துணியில சுத்திச் சுவத்துல அடிச்சா எப்படிக் கேக்கும்... அந்தச் சத்தம். அதுக்கப்புறம் ஒரு மூச்சு. "ஹும்..." அப்புறம் சுவத்து மேல உள்ளங்கை தேய்ச்சுக்கிட்டே போற சத்தம். சர்ர்ர்... நின்னுச்சு. ரெண்டு தட்டு. திரும்ப சர்ர்ர்...

காலடி பின்னாடி போச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. மறுபடி முதல்லேர்ந்து. சப்... சப்... தொம்.

மிருதுளா எழுந்து போய்ப் பார்த்தா. யாரும் இல்ல. பாத்ரூம் சுவர் வெள்ளை வெளேர்னு நிக்குது, ஒரு கறை கிடையாது. ஆனா வாசனை... புதுப் பெயிண்ட் வாசனைக்கு நடுவுல டெட்டால். ஈர மெத்தை. அதுக்கும் அடியில பழைய மூத்திர வாடை. நாலு மாசமா தூசும் சிமெண்டுமா இருந்த வீட்டுல ஆஸ்பத்திரி வார்டு வாடை எங்கேர்ந்து வரும்?

மறுநாளும் ரெண்டு மணி. அதுக்கு மறுநாளும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீடு பார்க்க வந்த ஒரு பேங்க் ஆபீசர் குடும்பம், அந்தச் சத்தத்தை நின்னு கேட்டுச்சு. அந்த அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாங்க.

தட்சிணாமூர்த்தியும் வந்து கேட்டார். பூசணிக்காய் உடைச்சார், ஒரு ஐயரைக் கூட்டி வந்து ஹோமம் பண்ணினார். ஹோமப் புகை அடங்கறதுக்குள்ள உள்ளேர்ந்து தொம்.

"மேடம், இன்னா இது? பெருசு பூட்ச்சா? அதான் ஆவி வந்துகினு கீதா?"

அவளுக்கும் அதே சந்தேகம்தான். அன்னிக்கு சாயங்காலம் கனடாவுக்கு போன் போட்டா. துக்கம் விசாரிக்கிற குரல்லயே ஆரம்பிச்சா. "அப்பா எப்படி..."

"அப்பாவா? இருக்காரே. நேத்துகூட வீடியோ கால்ல பார்த்தேன்."

மிருதுளா போனை அடுத்த காதுக்கு மாத்தினா.

"ஹோமுக்குப் போன ரெண்டாவது வாரமே பாத்ரூமுக்கு வழி தெரியாம விழுந்துட்டார். அதுலேர்ந்து படுக்கைதான். எழுந்திருக்கவே முடியாது." ஷ்யாம்சுந்தர் குரலைத் தாழ்த்தினான். "ஆனா மிருதுளா, எனக்கு அந்த ஹோம்ல பார்த்துக்கிற அம்மா மேலதான் டவுட். பத்து பன்னெண்டு நாளா தினமும் அப்பா நெத்தியில புதுசு புதுசா வீங்கியிருக்கு. அடிக்கறாங்கபோல. போலீசுக்குச் சொல்லலாமான்னு பார்க்கறேன்."

மறுநாளே வண்டலூர் போனா. ஹோம் கதவைத் திறந்து உள்ள கால் வெச்ச உடனே நின்னுட்டா. டெட்டால், ஈர மெத்தை... அதே வாடை.

பார்த்துக்கிற அம்மா பேரு தபீதாள். அம்பது வயசு இருக்கும். மிருதுளாவைப் பையன் அனுப்பின ஆள்னு நினைச்சு, கும்பிட்டுக்கிட்டே அழுதாங்க.

"ஆண்டவர் சத்தியமா நான் கை வைக்கல மேடம். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கண்ணை மூடுவாரு. கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பி போட்டிருக்கேன். நானே பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். அசையவே இல்ல. தூக்கத்துலயே தடிச்சுக்கிட்டு வருது. சொன்னா யார் நம்புவாங்க? என் பொழப்பே போயிடும்."

மணி ஒண்ணே முக்கால். மிருதுளா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தா.

பெரியவர் மல்லாக்கப் படுத்திருந்தார். பாதி ஆள் ஆயிட்டார். நெத்தியில மஞ்சளா, பச்சையா, கருநீலமா பழைய காயம். போர்வைக்குள்ள கால் குச்சி மாதிரி. ரெண்டு மணிக்குத் தூங்கிட்டார். மூச்சு ஒரே சீரா வருது... அந்தக் காலடி மாதிரியே.

அவ வாய்க்குள்ள எண்ணினா. நாலு... அஞ்சு... ஆறு... ஏழு.

தலையணை அசையல. தலை அசையல. நெத்தி நடுவுல தோல் மட்டும் ஒரு கணம் உள்ள அமுங்கினது. கண்ணாடியில முகத்தை வெச்சு அழுத்தினா தட்டையாகுமே, அப்படி. அப்புறம் அந்த இடம் சிவந்து, அவ கண் முன்னாடியே மெல்ல மெல்ல வீங்கி மேல வந்தது.

"ஹும்..." அப்படின்னார் பெரியவர் தூக்கத்துல.

அவ வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான்னு அவளுக்கே தெரியாது. ராத்திரி பூரா யோசிச்சா. காலையில நேரா மூணாவது தெரு வீட்டுக்குப் போனா. செருப்பைக் கழட்டி, கண்ணை மூடிக்கிட்டு, கட்டில் இருந்த இடத்துலேர்ந்து நடந்தா. எண்ணி எண்ணி. ரெண்டு தடவை சுவத்துல இடிச்சுக்கிட்டா. மூணு மணி நேரம் அதே வேலை. அப்புறம் வண்டலூர்.

பெரியவர் முழிச்சுக்கிட்டிருந்தார். கட்டில் பக்கத்துல உட்கார்ந்தா.

"சார், நான் மிருதுளா. உங்க வீட்டை வாங்கினவ."

அந்தப் பார்வை இல்லாத கண் ரெண்டும் இவ பக்கம் திரும்பிச்சு.

"பெயிண்ட் மட்டும்தான்னு சொன்னியேம்மா."

கோபமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பா. அவர் ஆச்சரியமா சொன்னார்.

கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் சொன்னா. "பெட்ரூம் வாசலைத் தாண்டினதும் நேரா போகாதீங்க சார். அங்க இப்ப சுவர். இடது பக்கம் திரும்பணும். எட்டு அடி. அது ஹால். அப்புறம் வலது பக்கம். நேரா பதினாலு அடி போனா கிச்சன் மேடை."

போர்வை மேல அவரோட ரெண்டு விரல் நடந்தது. எட்டு. திரும்பிச்சு. பதினாலு.

"நடுவுல இருந்த சுவர்?"

"எடுத்துட்டேன் சார்."

"கொல்லைக் கதவு?"

"அடைச்சாச்சு."

விரல் ரெண்டும் போர்வை மேல திரும்பவும் முதல்லேர்ந்து நடந்தது. "அந்தப் பதினாலு அடிக்கு நடுவுல எதுவும் இல்லையே? தடுக்காதே?"

"எதுவும் இல்ல சார். நம்பி நடங்க."

மறுநாள் மத்தியானம் ரெண்டு மணி. மிருதுளா ஹால் மூலையில நின்னா. சப்... சப்... பெட்ரூம் வாசல். காலடி நின்னுச்சு. திரும்பிச்சு. எட்டு. மறுபடி நின்னுச்சு. அவளுக்கு ரெண்டு கை தூரத்துல, டெட்டால் வாடையோட, யாருமில்லாத இடம் ஒண்ணு அவளைத் தாண்டிப் போச்சு. பதினாலு. கிரானைட் மேடையில உள்ளங்கை வைக்கிற சத்தம் லேசா கேட்டுச்சு. ஒரு பெருமூச்சு.

அதுக்கப்புறம் தொம் கிடையாது. தபீதாளும் போன் பண்ணினாங்க. "நெத்தி ஆறிடுச்சு மேடம். தூக்கத்துல சிரிக்கறாரு." ஷ்யாம்சுந்தரும் போலீஸ் பேச்சை விட்டுட்டான்.

வீட்டை ஹரிபிரசாத், வினிதான்னு ஒரு ஜோடி வாங்கினாங்க. நாவலூர் பக்கம் ஐடி வேலை. மிருதுளா அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என்னன்னு சொல்றது? வீட்டைப் பார்த்துட்டு வினிதா, "உள்ள வந்தாலே யாரோ நம்ம மனுஷங்க இருக்கிற மாதிரி இருக்கு"ன்னு சந்தோஷமா சொன்னா. கிரகப்பிரவேசத்துக்குப் போய் மிருதுளா பாயசம் சாப்பிட்டுட்டு வந்தா. தப்பைச் சரி பண்ணிட்டோம்னு நிம்மதியா தூங்கினா.

மூணு மாசம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணிக்குத் தபீதாள் போன். மூச்சு வாங்கினாங்க.

"பெரியவரு போயிட்டாரு மேடம். தூக்கத்துல திடீர்னு 'அம்மா'ன்னு ஒரு கத்து... நான் கட்டில் பக்கத்துலதான் இருந்தேன். கம்பி போட்டபடி இருக்கு. போர்வை கூட விலகல. தூக்கிப் பார்த்தா... இடுப்பு எலும்பும் ரெண்டு காலும் நொறுங்கிக் கிடக்கு. டாக்டர் வந்து பார்த்துட்டு, எங்கேர்ந்து விழுந்தாருன்னு என்னையே கேக்கறாரு."

மிருதுளா காரை எடுத்தா. ஹோமுக்குப் போகல. மூணாவது தெருவுக்குப் போனா.

வினிதாதான் கதவைத் திறந்தா. "வாங்க மிருதுளா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். அத்தைக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல. லிஃப்ட் போடறோம். இன்னிக்குக் காலையிலதான் பள்ளம் தோண்டினாங்க."

ஹால் நடுவுல. பெட்ரூமிலேர்ந்து எட்டு அடி வந்து, வலது பக்கம் திரும்பி, ஆறாவது அடி. டைல்ஸை வெட்டி எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல ஒரு சதுரக் குழி. உள்ள ஈரக் களிமண். ஒரு மூலையில கம்பிக் கட்டு கிடந்தது.

மிருதுளா ஓரத்துல மண்டி போட்டு எட்டிப் பார்த்தா. செல்போன் லைட்டை அடிச்சா.

குழியோட நாலு சுவத்துலயும், மார் உயரத்துல, விரல் தடம். பத்து விரல். ஈர மண்ணை வருடி வருடி, மூலைக்கு மூலை... சுத்திச் சுத்தி. ஒரே தடத்து மேல இன்னொரு தடம், அது மேல இன்னொண்ணு. கதவைத் தேடியிருக்கு.

"ஆளுங்க ரெண்டு மணிக்குச் சாப்பிடப் போனவங்க இன்னும் வரல," ஹரிபிரசாத் பின்னாடி வந்து நின்னான். "பூனை கீனை விழுந்திருக்கும். நாளைக்கு காங்கிரீட் கொட்டிடுவாங்க, பயப்படாதீங்க."

அவன் சொல்லிக்கிட்டிருக்கும்போதே, மூணு பேர் கண் முன்னாடி, களிமண்ணுல புதுசா ஒரு தடம் ஆரம்பிச்சது. மெதுவா. இடதுலேர்ந்து வலது பக்கமா. மண் துளி துளியா உதிர்ந்து கம்பிக் கட்டு மேல விழுந்தது. வினிதா புருஷன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. ஹரிபிரசாத் வாய் திறந்தபடி இருந்தது.

மிருதுளா எழுந்து போனா. வேலைக்காரங்க சாத்தி வெச்ச மூங்கில் ஏணியை இழுத்துக்கிட்டு வந்து குழிக்குள்ள இறக்கினா.

"சார்," அப்படின்னா குழியைப் பார்த்து. "நான்தான். உங்க வலது கைப் பக்கம் ஏணி வெச்சிருக்கேன். ரெண்டடி நகருங்க."

விரல் தடம் நின்னுச்சு.

தெருவுல எங்கேயோ ஒரு ஸ்கூட்டர் போச்சு.

கிரீச்.

ஏணியோட கீழ்ப்படி. மூங்கில் வளைஞ்சது. அப்புறம் அடுத்த படி. கிரீச்... ரெண்டு காலும் ஒரே படியில சேர்ந்தப்புறம்தான் அடுத்தது. உடைஞ்ச கால் அப்படித்தானே ஏறும். ஏழு படி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முனகல். மேல் நுனி ஆடி, நின்னுச்சு.

மிருதுளா ஓரத்துலயே நின்னா. ஓடலாம்னு கால் சொல்லுது. ஓடல. அப்ப அவ இடது முழங்கைக்கு மேல ஒரு கை வந்து படிஞ்சது. ஜில்லுனு, ஈர மண்ணோட. இழுக்கல, நெரிக்கல. கண் தெரியாதவங்க ரோடு தாண்டறப்ப நம்ம கையைப் பிடிப்பாங்களே... அந்தப் பிடி. நம்பிப் பிடிக்கிற பிடி.

"வாங்க சார்," அப்படின்னா. "பார்த்து."

வாசல் வரைக்கும் மெதுவா நடந்தா. கார்ல ஏறல. அங்கேர்ந்து தாம்பரத்துல அவ வீடு வரைக்கும் நடந்தே போனா.

ஹரிபிரசாத் அந்த வாரமே வீட்டைக் காலி பண்ணிட்டான். குழி மூடினானா இல்லையான்னு தெரியல. தட்சிணாமூர்த்தி அந்தத் தெரு பக்கமே போறதில்ல.

மிருதுளா தொழிலை விட்டுட்டா. அவ வீட்டுல ரெண்டு வருஷமா ஒரு நாற்காலி கூட இடம் மாறல. மாத்த விட மாட்டா. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக் கூட விட மாட்டா.

இதெல்லாம் கேஷவ் சொன்னது. நான் நம்பல. போன தை மாசம் அவன் கல்யாணம். தாம்பரத்துல மண்டபம், பந்தி மாடியில. நான் சாப்பிட்டுட்டு இறங்கறேன், மிருதுளா ஏறி வர்றா. தனியா. இடது முழங்கையைக் கொஞ்சம் விலக்கி வெச்சுக்கிட்டு. வாய் மட்டும் அசையுது... "படி... படி... இன்னும் ஒண்ணு..."

ஓரமா ஒதுங்கி நின்னேன். என்னைத் தாண்டிப் போனா. பட்டுப்புடவை, தலைப்பு இடது கை மேல விழுந்து தொங்குது. ஃபேன் காத்துல தலைப்பு பூரா பறக்குது. முழங்கைக்கு மேல மட்டும் பறக்கல. அந்த இடத்துல பட்டு, நாலு விரல் அகலத்துக்கு... அமுங்கியே இருந்தது.